சக்கரம் வேண்டாம், கைப்பிடி போதும்

மக்களே, இந்த வாரம் ஒரு சண்டை போட்டே ஆக வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டேன். எதிரி யார் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிவப்புப் பெயின்ட் அடித்து, ஏழு டிராயர் வைத்து, அடியில் நாலு சக்கரம் மாட்டின டூல் கேபினட்.

எங்கள் கிளாஸில் மூன்று பேர் அதை வாங்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஒருவன் இ.எம்.ஐ. கணக்கே போட்டுவிட்டான். வெளிநாட்டுக்காரர்கள் வீட்டு கேரேஜில் நின்று டிராயரை விரலால் தள்ளி, அது சத்தமே இல்லாமல் மூடிக்கொள்வதைக் காட்டும் வீடியோக்கள்தான் காரணம். எனக்கும் அந்தச் சத்தமில்லாத டிராயர் பிடிக்கும். ஆனால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் குடியிருக்கிற எவனுக்கும் அது தேவையில்லை என்பது என் கட்சி. தேவையில்லை என்பதைவிட, அது நஷ்டம்.

முதலில், நம்ம பக்கம் வீட்டுக்கு கேரேஜ் என்று ஒன்று இருக்கிறதா? வண்டி நிற்பது மாடிப்படிக்கு அடியில். மழை வந்தால் பாலிதீன் கவர். பழைய வாரியக் குடியிருப்புகளில் பல வீடுகள் 250 சதுர அடியைத் தாண்டாது. அதில் கட்டில், பீரோ, கேஸ் சிலிண்டர், படிக்கிற பிள்ளையின் மேஜை போக மிச்சம் இருப்பதுதான் நம்ம ஒர்க்‌ஷாப். அங்கே இரண்டடி அகலத்துக்கு ஒரு கேபினட்டை நிறுத்திவிட்டு நாம் எங்கே நிற்பது? சக்கரம் இருக்கிறதே என்கிறான் நண்பன். சக்கரம் ஓடுவதற்கு சமமான தரை வேண்டாமா? வாசற்படி ஒன்று, சாக்கடை மூடி ஒன்று, தெருவுக்கு மூன்று தடவை ரோடு போட்டதில் பள்ளமாகிப் போன வாசல் ஒன்று. இதில் எதன் மேல் உருட்டுவாய் ராசா?

அந்தப் பெட்டி பிறந்த இடத்தில் அது சரியான பெட்டிதான், அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மெக்கானிக் பெரும்பாலும் தன் டூல்ஸைத் தானே வாங்குகிறான். ஸ்னாப்-ஆன் மாதிரியான கம்பெனி (1920ல் ஆரம்பித்தது) வேன் வைத்து ஒர்க்‌ஷாப் வாசலுக்கே வந்து கடனுக்கு விற்று வளர்ந்தது. அந்த மெக்கானிக்குக்கு வேலை செய்யும் இடம் ஒன்றே. பெட்டி அங்கேயே நிற்கும், வண்டிகள்தான் அதைத் தேடி வரும். பாலீஷ் போட்ட கான்கிரீட் தரையில் அதை இந்த பே-யிலிருந்து அந்த பே-க்கு உருட்ட சக்கரம் வேண்டும். காரணத்தோடு வந்த சக்கரம். நாம் காரணத்தை விட்டுவிட்டு சக்கரத்தை மட்டும் வாங்குகிறோம்.

நம்ம பெல்ட்டில் கதை தலைகீழ். இங்கே பெட்டிதான் வேலையைத் தேடிப் போகிறது. எங்கள் அப்பா ஃபிட்டர். காண்ட்ராக்டில் ஷட்டவுன் வேலைக்குக் கூப்பிடும்போது முதல் கேள்வியே "டூல்ஸ் வச்சிருக்கியா?" என்பதுதான். கையில் டூல்ஸ் இருக்கிறவனுக்கு முதலில் வேலை. பெட்டியை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும். கேட்டில் செக்யூரிட்டி பெட்டியைத் திறக்கச் சொல்வார். உள்ளே போகும் ஒவ்வொரு ஸ்பேனரும் கேட் பாஸில் ஏறும். சாயந்திரம் வெளியே வரும்போது மறுபடி எண்ணுவார்கள். ஒன்று கூடினால் திருட்டுப் பட்டம், ஒன்று குறைந்தால் நம் காசு. எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காட்டுகிற பெட்டி வைத்திருப்பவன் ஐந்து நிமிடத்தில் உள்ளே போய்விடுவான். கோணிப்பையில் கொட்டி எடுத்துவந்தவன் வெயிலில் நிற்பான்.

டூல் பாக்ஸ் என்றால் ஹாபி என்று நினைக்கிறவர்களுக்கு இன்னொன்று. 1908ம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தில் 60வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கடன்காரன் கோர்ட்டுக்குப் போய் டிக்ரி வாங்கி நம் சொத்தை ஜப்தி பண்ண வந்தாலும், எதையெல்லாம் தொடக் கூடாது என்று அதில் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். உடுத்தும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை. அந்த வரிசையில் கைத்தொழில் செய்கிறவனின் கருவிகளும் வருகின்றன. கடன் எவ்வளவு இருந்தாலும் சாப்பிடுகிற கையை வெட்டாதே என்று வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. கோர்ட் தொட முடியாத அந்தச் சாமானை நாம் எதில் வைக்கிறோம் என்பதுதான் இங்கே பேச்சு.

ஏனென்றால் கோர்ட் தொடாது, உப்பும் தண்ணீரும் தொடும்.

உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ இருக்கிறவனுக்கு இரும்பு எப்படித் துருப்பிடிக்கும் என்று பாடம் எடுக்க வேண்டியதில்லை, ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே போதும். ஆனால் காரணம் பலருக்குத் தெரியாது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை இழுத்துத் தண்ணீராகிவிடும். மழைக்காலத்துக் காலை நேரங்களில் நம்ம ஊர் அந்த அளவைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது, அதற்கு 33 சதவீதமே போதும். அதாவது ஸ்பேனர் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் ஒட்டியிருந்தால், நாம் காய்ந்துவிட்டது என்று நினைக்கிற நேரத்திலும் அது நனைந்துகொண்டேதான் இருக்கும். உப்பைத் துடைக்காமல் அதன் மேலேயே எண்ணெய் பூசினால் பிரயோஜனமில்லை. உப்பைப் போர்வைக்குள் வைத்துத் தைப்பது போல அது. நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலர்த்தி, அப்புறம்தான் மெல்லிசாக எண்ணெய்.

ஏழு டிராயர் கேபினட்டில் இதை யார் செய்வார்? தினமும் திறப்பது மேலே இருக்கிற இரண்டு டிராயர். கீழே இருக்கிற ஐந்தை அடுத்த ஆயுத பூஜைக்குத்தான் திறப்போம், சந்தனம் வைக்க. அதற்குள் அங்கே துருவே குடித்தனம் பண்ணி முடித்திருக்கும்.

அடுத்து தண்ணீர். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை பெய்ததே, ஞாபகம் இருக்கும். நம்ம பக்கம் வெறும் மழைத்தண்ணீர் மட்டுமா வந்தது? எண்ணூர்ப் பக்கத்தில் எண்ணெய் கலந்த கறுப்புத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. ஆற்றில் நின்ற படகு, வலை எல்லாம் நாசம். எங்கள் தெருவில் ஒரு அண்ணன் ஆசையாக வாங்கி வைத்திருந்த கேபினட்டும் போனது. அந்த மாதிரிப் பெட்டியில் கனமான சாமானைக் கீழ் டிராயரில் வைக்க வேண்டும், இல்லையென்றால் டிராயரை இழுக்கும்போது முன்னால் கவிழும். கனமானது என்றால் விலை அதிகமானதும்தான். சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச், புல்லர். ஆக, முதல் அடித் தண்ணீரிலேயே மூழ்குவது எது? வெறும் பெட்டியே நாற்பது, ஐம்பது கிலோ. டூல்ஸோடு நூறைத் தாண்டும். ராத்திரியில், கரண்ட் இல்லாமல், முழங்கால் தண்ணீரில் அதை யார் மாடிக்குத் தூக்குவது? பாட்டியைத் தூக்குவதா, கேபினட்டைத் தூக்குவதா? அரசாங்கம் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது. அந்த அண்ணனுக்கு டார்க் ரெஞ்சும் ஒரு நல்ல சாக்கெட் செட்டும் வாங்குவதற்குள்ளேயே அது தீர்ந்துவிட்டது.

எங்கள் வீட்டுப் பெட்டி பிழைத்தது. அப்பா கெட்டிக்காரர் என்பதால் அல்ல. அதைத் தூக்க முடிந்தது, அவ்வளவுதான்.

இப்போது, "அப்ப எதைத்தான் வாங்கச் சொல்றே?" என்பீர்கள். ஐந்து தட்டு இரும்புப் பெட்டி. திறந்தால் இரண்டு பக்கமும் தட்டுகள் படிப்படியாக விரியுமே, அது. நம்ம தாத்தா காலத்துச் சாமான்தான். பாரிமுனைப் பக்கம் எந்த ஹார்டுவேர் கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள்.

கடைக்குப் போவதற்கு முன்னால் உங்கள் டூல்ஸைப் பாயில் பரப்புங்கள். 6×7ல் ஆரம்பித்து 20×22 வரைக்கும் டபுள் எண்ட் ஸ்பேனர் எட்டு, ரிங் ஸ்பேனர் எட்டு, சாக்கெட் செட், ஸ்க்ரூ டிரைவர்கள், கட்டிங் பிளேயர், அரைக் கிலோ சுத்தியல், ஸ்க்ரூ ஸ்பேனர், பைப் ரெஞ்ச், ஹேக்ஸா ஃப்ரேம், டெஸ்டர். வீட்டுக்கும் வண்டிக்கும் இது தாராளம். இவற்றில் நீளமானது எது? அநேகமாக ஹேக்ஸா. பன்னிரண்டு இஞ்ச் பிளேடு என்றாலும் ஃப்ரேம் கைப்பிடியோடு சேர்ந்து பதினாறு, பதினேழு இஞ்ச் வரும். 17 இஞ்ச் பெட்டி வாங்கினவன் ஹேக்ஸாவைக் கட்டிலுக்கு அடியில் தனியாக வைத்துவிட்டு அப்புறம் தேடிக்கொண்டிருப்பான். 21 இஞ்ச் வாங்குங்கள். எல்லாம் போட்டுப் பதினைந்து, பதினெட்டு கிலோ வரும். அதுதான் எல்லை. ஒரு ஆள் ஒரே மூச்சில் மாடி ஏற்ற முடியாத எடை வந்துவிட்டால் இரண்டாவது பெட்டி வாங்குங்கள், பெரிய பெட்டி வாங்காதீர்கள்.

தகட்டின் கேஜ் கேளுங்கள். நம்பர் கூடினால் தகடு மெலிசு, பலர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். 20 கேஜ் என்றால் சுமார் 0.9 மில்லிமீட்டர், 22 என்றால் 0.7. தட்டுகளைத் தாங்கும் பட்டைகளின் ரிவெட்டை ஆட்டிப் பாருங்கள், இந்தப் பெட்டி உயிரை விடும் இடம் அதுதான். கைப்பிடி கம்பியா, மடித்த தகடா என்று பாருங்கள். மடித்த தகடு விரலை அறுக்கும். முடிந்தால் கடையிலேயே நாலு சுத்தியலைப் போட்டுத் தூக்கிப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

வீட்டில் வெறும் தரையில் வைக்காமல் இரண்டு ரீப்பர் கட்டை போட்டு அதன்மேல் வையுங்கள், அடியில் காற்று ஓடட்டும். பிளாஸ்டிக் பெட்டி துருப்பிடிக்காதே என்பவர்களுக்கு: பெட்டி துருப்பிடிக்காது, உள்ளே இருப்பது பிடிக்கும். ஈரத்தோடு டூல்ஸைப் போட்டு மூடினால் அது இட்லிப் பானைதான். கிளிப் உடைந்தால் ரிப்பேரும் கிடையாது. இரும்புப் பெட்டியின் ரிவெட் போனால் தெருமுனையிலேயே சரி பண்ணிக் கொடுப்பார்கள்.

எதிர்க்கட்சியின் பெரிய வாதம், கேபினட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்பது. டிராயருக்கும் ஒழுங்குக்கும் என்ன சம்பந்தம்? நம்ம பக்கத்துப் பெரிய தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பழைய ஆட்களிடம் டூல் ரூம் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பித்தளை டோக்கனைக் கொடுத்து டூலை வாங்க வேண்டும். டூல் இருந்த ஆணியில் டோக்கன் தொங்கும். யாரிடம் இருக்கிறது என்று யாரையும் கேட்க வேண்டாம், ஆணியே சொல்லும். அதை வீட்டிலேயே செய்யலாம். பக்கத்து வீட்டுக்காரர் பதினான்கு நம்பர் ஸ்பேனரை இரவல் கேட்டால், அந்த இடத்தில் அவர் பேர் எழுதின துண்டுச் சீட்டைப் போடுங்கள். நட்பும் பிழைக்கும், ஸ்பேனரும் பிழைக்கும். ஏழு டிராயர் இருந்தால் என்ன ஆகும் தெரியுமா? நாலில் பழைய சார்ஜர், கல்யாணப் பத்திரிகை, தீர்ந்து போன பேட்டரி :-)

இன்னொரு உள்ளூர்ச் சாட்சி. திருவொற்றியூரில் 1955ல் ஆரம்பித்து புல்லட் செய்தார்களே, அந்தப் பழைய புல்லட்டின் பக்கவாட்டில் சாவி போட்டுப் பூட்டும் சின்னப் பெட்டி இருக்கும். வழியில் வண்டி நின்றால் ரிப்பேர் பார்க்க வேண்டிய டூல்ஸ் அதற்குள் அடங்கும். வண்டி போகிற இடத்துக்கெல்லாம் பெட்டியும் போகும். டூல் பாக்ஸ் என்றால் என்ன என்று நம்ம ஊர் எழுபது வருஷமாகத் தெரு முழுக்க ஓட்டிக் காட்டியிருக்கிறது. நாம்தான் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். காசு உங்களுடையது, வாங்குகிறவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்த டிசம்பரில் ராத்திரி பதினொரு மணிக்கு, "மச்சி, கேபினட்டை மாடிக்கு ஏத்தணும், ஒரு கை குடு" என்று எனக்கு மட்டும் போன் பண்ணாதீர்கள். நான் எங்கள் வீட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறிக்கொண்டிருப்பேன்.