கூர்செவி படைத்த கருவி



அரபு மொழியின் ஸீன், ஸாத் ஆகிய இரண்டு எழுத்துகளையும் தமிழில் ‘ஸ’ என்றே எழுதுகிறோம். எழுத்தில் மறையும் அவ்வேற்றுமையை உணர்த்த வல்லது ஒலி ஒன்றே. 1961ஆம் ஆண்டில் எகிப்து நாட்டுக் காரீ மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்களின் குரலில் திருக்குர்ஆன் முழுவதும் ஒலிப்பதிவாக வெளிவந்தது. அதன்பின் ஒலிப்பதிவும் ஓர் ஆசிரியராகவே ஆகிவிட்டது. இன்று உஸ்தாதுமார்கள் பலர் பாடங்களைத் தாமே பதிவு செய்து பிள்ளைகளுக்கு அனுப்புகின்றனர். பதிவில் ஓர் எழுத்து மங்குமானால், பிள்ளையின் நாவிலும் அது மங்கியே பதியும். எனவே, ஒலிப்பதிவுக் கூடங்களில் பெரிதும் பயன்படும் கண்டென்சர் மைக்கின் இயல்பை அறிந்துகொள்வது நலம்.

மேடைகளில் நாம் காணும் டைனமிக் மைக்கில், ஒலி மோதும் சவ்வோடு ஒரு கம்பிச்சுருள் பிணைந்திருக்கும். அது காந்தத்தின் நடுவே அசைந்து மின்சாரத்தைப் பிறப்பிக்கும். சுருளின் பாரத்தையும் சவ்வு சுமப்பதால், மிக நுண்ணிய அதிர்வுகளுக்கு அது விரைந்து அசைவதில்லை.

கண்டென்சர் மைக்கில் அச்சுருள் கிடையாது. பெரும்பாலும் பொன் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் சவ்வும், மயிரிழை இடைவெளியில் அதன் பின்னே ஓர் உலோகத் தகடும் இருக்கும். இரண்டும் சேர்ந்து மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கின்றன. சவ்வு அசையும்போது இடைவெளி மாறுகிறது. அதற்கேற்ப மின்னழுத்தமும் மாறுகிறது. இக்குறிப்பு மிக நலிந்ததாகையால், அதை வலுப்படுத்தும் சுற்று ஒன்று மைக்கினுள்ளேயே உண்டு. அதற்கெனக் கம்பி வழியே மின்சாரம் அனுப்ப வேண்டும். கூடங்களில் வழக்கமாக 48 வோல்ட். இதனைத் தராத கருவியில் இணைத்துவிட்டு, மைக் பழுதென்று எண்ணுவோர் உண்டு.

1916இல் அமெரிக்காவில் வென்ட்டே என்னும் அறிஞர் இதனை உருவாக்கினார். 1928இல் பெர்லின் நகரில் நியூமன் என்பாரின் நிறுவனம் இவ்வகை மைக்குகளை விற்பனைக்குக் கொணர்ந்தது. 1962இல் ஜேம்ஸ் வெஸ்ட், ஸெஸ்லர் ஆகிய இருவர், மின்னேற்றத்தை நெடுங்காலம் தன்னுள் தாங்கும் சவ்வைக் கொண்டு எலக்ட்ரெட் மைக்கை அமைத்தனர். அதன் பின்னரே இவ்வகை மைக் மலிவாகி வீடுதோறும் நுழைந்தது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. கூரிய செவி நல்லதையும் கேட்கும், வேண்டாததையும் கேட்கும். ஸாதின் உரசலைப் பற்றும் அதே சவ்வு, மின்விசிறியின் இரைச்சலையும் வெற்றுச் சுவரின் எதிரொலியையும் பற்றிக்கொள்ளும். பெரும்பொருள் கொடுத்து வாங்கியும் பதிவு தெளிவாக இல்லையென்று வருந்துவோரின் குறை, பெரும்பாலும் மைக்கில் இல்லை, அறையில் இருக்கிறது. ஆகவே முதலில் அறையைச் சீர்செய்க. சுவரோரம் மெத்தை, கனத்த திரை, நூல்கள் நிறைந்த அலமாரி ஆகியன எதிரொலியைக் குறைக்கும். விசிறியை நிறுத்துக. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி விடுக. ‘ப’, ‘ப்ப’ போன்ற ஒலிகளின் காற்று மோதாதிருக்க, இடையே மெல்லிய துணித்திரை ஒன்றை நிறுத்துக.

மைக்கைத் தட்டியும் ஊதியும் பார்க்கும் மேடை வழக்கம் இங்கு ஆகாது; வாயின் ஈரம் சவ்வைக் கெடுக்கும். பயன்படுத்தாத வேளையில் ஈரமும் தூசும் அணுகாத பெட்டியில் வைத்தல் வேண்டும்.

அமைதியான அறை வாய்க்காதவர்களுக்கு டைனமிக் மைக்கே ஏற்றது. வாயருகே வைத்துப் பேசினால் அது சுற்றுப்புற ஓசையை அதிகம் ஏற்காது. விலையை மட்டும் பார்த்துக் கருவியைத் தேர்வதைவிட, நம் அறையையும் தேவையையும் பார்த்துத் தேர்வதே அறிவுடைமை. நம் குரலை நம்பி ஓதப் பழகும் பிள்ளைக்கு, எழுத்து ஒவ்வொன்றும் பழுதின்றிச் சென்றடைய வேண்டுமல்லவா?