டர்ஃப் எல்லாருக்கும்தானா? வீல்சேர் உருளும் கோர்ட்டை வீட்டிலேயே போடலாமா?

"மச்சி, நைட் 10 டு 11 டர்ஃப் புக் பண்ணிட்டேன். யார் யார் வர்றீங்க?" இப்படி ஒரு மெசேஜ் உங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் வந்திருக்கும். சென்னைப் புறநகர், கோவை, மதுரை, திருச்சி என எங்கே பார்த்தாலும் காலி மனைகளில் வலை கட்டி, ஃப்ளட்லைட் போட்டு, பச்சை விரித்துவிட்டார்கள். மைதானம் இல்லாத ஊரில் விளையாட ஓர் இடம் கிடைத்தது நல்ல விஷயம்தான்.

ஆனால், அந்த குரூப்பில் வீல்சேர் பயன்படுத்தும் ஒரு நண்பர் இருந்தால்? பெரும்பாலும் அவர் வலைக்கு வெளியே உட்கார்ந்து ஸ்கோர் எழுதுவார். அதனால்தான், "வீட்டு மனையிலேயே சின்னதா ஒரு கோர்ட் போட்டா என்ன?" என்று சில குடும்பங்கள் யோசிக்கின்றன. போடலாம். ஆனால் ஊரில் இருக்கும் அதே டர்ஃபை அப்படியே வீட்டில் விரித்தால், பிரச்னையும் அப்படியே வீட்டுக்கு வந்துவிடும்.

சக்கரத்துக்கு என்ன சிக்கல்?

ஃபுட்பால் டர்ஃபின் புல் பொதுவாக 40 முதல் 60 மி.மீ உயரம் இருக்கும். இடையில் மணலும் கறுப்பு ரப்பர் துகள்களும் நிரப்பியிருப்பார்கள். ஓடுகிறவர் விழுந்தால் அடிபடாமல் இருக்கவும், ஷூ பிடிமானம் கிடைக்கவும்தான் இந்த ஏற்பாடு. காலுக்கு மெத்தென்று இருக்கும் இதே தரையில் சக்கரம் அமுங்கும். குறிப்பாக, வீல்சேரின் முன்னால் இருக்கும் சின்னச் சக்கரங்கள் புதைந்து, வண்டி திரும்பவே மறுக்கும். மெரினாவில் கடலருகே போக வீல்சேருக்கென்று 2022-ல் தனியாக மரப்பாதை போட வேண்டியிருந்ததே, அதே கதைதான்.

இயற்கைப் புல்லிலும் இந்தச் சிரமம் உண்டு. விம்பிள்டனில் வீல்சேர் ஒற்றையர் பிரிவு வந்ததே 2016-ல்தான். புல்தரையில் சக்கரம் தள்ளுவது கடினம் என்பதுதான் அதுவரை அடிக்கடி சொல்லப்பட்ட காரணம்.

அப்போ எந்த டர்ஃப்?

டென்னிஸ், பேடல் போன்ற ஆட்டங்களுக்கு வரும் குட்டைப் புல் டர்ஃப்தான் பொருத்தம். புல் உயரம் 10 முதல் 15 மி.மீ, நெருக்கமான இழை, உள்ளே மணல் மட்டும். ரப்பர் துகள் வேண்டாம். அடியில் மெத்தென்ற ஃபோம் ஷீட்டும் வேண்டாம். கான்கிரீட் தளம் போட்டு, மழைநீர் வடிய 100 அடிக்கு 1 அடி என்ற அளவில் மெல்லிய சரிவு கொடுத்தால் போதும். சரிவு கூடினால் வீல்சேர் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும்.

கடைக்காரர் உள்ளங்கை அளவு சாம்பிளைக் காட்டுவார். அதைத் தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவர் ஏற்கெனவே அதே டர்ஃப் போட்ட இடத்துக்கு, விளையாடப் போகிறவரோடு, அவருடைய வீல்சேரிலேயே போங்கள். சிமென்ட் தரையில் ஒரு தள்ளு தள்ளினால் எவ்வளவு தூரம் போகிறது, டர்ஃபில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். அமெரிக்காவில் சிறுவர் பூங்காத் தரைகளுக்கு இப்படி ஒரு சோதனையே இருக்கிறது. 1:14 சாய்தளத்தில் ஏற எவ்வளவு உழைப்பு தேவையோ, அதைவிடக் குறைவாகத்தான் அந்தத் தரையில் உருட்டத் தேவைப்பட வேண்டும்.

வீல்சேரில் இருப்பவர் மட்டும் விளையாடும் கோர்ட் என்றால், டர்ஃபே வேண்டாம். கான்கிரீட் மேல் அக்ரிலிக் பூச்சு அடித்த தரைதான் சக்கரத்துக்குச் சிறந்தது. தம்பி, தங்கை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என எல்லோரும் ஓடி ஆடும் இடமாக இருக்கட்டும் என்றால் மட்டும் குட்டைப் புல் டர்ஃப் அர்த்தமுள்ளது.

கோர்ட்டுக்கு வெளியே...

செலவு செய்தும் கோர்ட் பயன்படாமல் போவது பல நேரம் இங்கேதான். சாய்தளம் 1:12 என்ற கணக்கில் இருக்க வேண்டும். வெள்ளத்துக்குப் பயந்து வீட்டை 2 அடி உயர்த்திக் கட்டியிருந்தால், வாசலில் இருந்து இறங்கவே 24 அடி நீளச் சாய்தளம் தேவை. கோர்ட்டின் ஓரத்தில் கல் கட்டி உயர்த்தாதீர்கள். டர்ஃபும் நடைபாதையும் ஒரே மட்டத்தில் சேர வேண்டும். சாதாரண வீல்சேருக்கு 3 அடி கேட் போதும். விளையாட்டு வீல்சேரின் சக்கரங்கள் கீழே அகன்று சாய்ந்திருக்கும் என்பதால் 4 அடி வைப்பது நல்லது. வண்டி திரும்ப 5 அடி இடம் விடுங்கள்.

மொட்டை மாடி ஐடியாவா? பல அபார்ட்மென்ட்களில் லிஃப்ட் கடைசி மாடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் படிதான். முதலில் அதைப் பாருங்கள்.

வெயில்... இது சீரியஸ்!

நேரடி வெயிலில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். தண்டுவடக் காயம் உள்ளவர்களில் பலருக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது, உணர்ச்சியும் இருக்காது. உடல் சூடாவது சீக்கிரம். கீழே விழுந்து கால் தரையில் பட்டால் சுடுவதே தெரியாமல் தோல் வெந்துபோகலாம். தண்ணீர் தெளித்தால் சூடு கொஞ்ச நேரம்தான் குறையும். மேலே நிழல் வலை, காலை அல்லது மாலை ஆட்டம், கைக்கெட்டும் தூரத்தில் குடிதண்ணீர் மூன்றும் கட்டாயம்.

சேர்ந்து ஆட வழி இருக்கிறது

டென்னிஸ் விதிப்படி, வீல்சேரில் ஆடுபவருக்குப் பந்து இரண்டு முறை துள்ளலாம். எதிரே நின்று ஆடுபவருக்கு ஒரு முறைதான். அண்ணன் நின்றும் தங்கை வீல்சேரிலும் இருந்து ஆட, அதிகாரபூர்வ விதியே இடம் கொடுக்கிறது. வீல்சேர் பேட்மின்டன் ஒற்றையர் ஆட்டம் பாதி கோர்ட்டில்தான் நடக்கும். எனவே மனை சின்னதாக இருந்தாலும் வழி உண்டு.

ஆனால், எல்லார் வீட்டிலும் மனை இருக்கிறதா?

வீட்டில் கோர்ட் போட இடமும் பணமும் வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர் என்ன செய்வார்? அப்படியே போட்டாலும், குரூப்பே வெளியே ஆடும்போது ஒருவர் மட்டும் வீட்டில் தனியாக ஆடுவதில் என்ன சந்தோஷம்?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 'பொதுக் கட்டடம்' என்பதில் மக்கள் பொழுதுபோக்குக்காக வந்துபோகும் தனியார் கட்டடங்களையும் சேர்த்திருக்கிறது. அணுகல் வசதிக்கான விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பர் 8-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அப்படியிருக்க, காசு வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப்கள் மட்டும் எப்படி விலக்கு கேட்க முடியும்? எல்லா டர்ஃபையும் பெயர்க்கச் சொல்லவில்லை. படி இருக்கும் இடத்தில் சாய்தளம், அகலமான கேட், உள்ளே போகக்கூடிய டாய்லெட், இரண்டு மூன்று கோர்ட் இருக்கும் இடத்தில் ஒன்றாவது குட்டைப் புல். இவ்வளவுதான் கேட்கிறோம்.

அடுத்த முறை ஸ்லாட் புக் பண்ணும்போது, "வீல்சேர் உள்ளே வருமாண்ணா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பத்து குரூப் இதே கேள்வியைக் கேட்டால், அடுத்து டர்ஃப் போடுகிறவர் கேட்டின் அகலத்தைக் கொஞ்சம் யோசித்துத்தான் வைப்பார்.