சூரியன் வீசிய புயலும் பஞ்சாங்கத்தின் யோக்கியதையும்

2024-ம் வருஷம் மே மாதம் 10-ந் தேதி அட்சய திருதியை. அன்று தங்கம் வாங்கினால் லட்சுமி வீட்டில் தங்குவாள் என்பது பஞ்சாங்கக்காரர் வாக்கு. சேலம், நாமக்கல் பக்கத்து ஏழை மக்கள்கூட கடன் பட்டாவது குண்டுமணித் தங்கம் வாங்குவது இப்போது வழக்கமாகிவிட்டது.

அதே தினம் இரவு சுமார் 10.30 மணிக்கு, இருபது வருஷமாகக் காணாத பெரிய காந்தப் புயல் பூமியைத் தாக்கிற்று. எந்தப் பஞ்சாங்கத்திலாவது இது எழுதியிருந்ததா என்று கேட்கின்றோம். சூரியனைக் கவனித்து வந்த அமெரிக்க விஞ்ஞானிகளோ முதல் நாளே எச்சரித்து விட்டார்கள்.

காந்தப் புயலாவது என்ன? சூரியன் கக்கும் மின்னேறிய வாயு இரண்டொரு நாளில் இங்கு வந்து பூமியின் காந்த மண்டலத்தை அசைக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு நம் நாட்டின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. அதனாலேயே 1963-ல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்தார்கள். அக்கோட்டின்மேல் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. புயல் வந்தால் அவ்வோட்டம் பெருகும், அல்லது திசை மாறும். மேலேயுள்ள மின்காற்று தூக்கியெறியப்படும். அதனூடே வரும் ரேடியோவும், லாரிகளுக்கு வழிகாட்டும் செயற்கைக்கோள் சமிக்ஞையும் தடுமாறும். அந்த மே மாதத்தில் அமெரிக்க வயல்களில் டிராக்டர்கள் விதைப்பு வரிசை தவறி நின்றன.

"பார்த்தீர்களா, கிரகம் மனிதனைப் பாதிக்கிறதே!" என்று ஜோதிடர் இதையும் தமக்குச் சாதகமாக்கிக் கொள்ள வருவார். அவருக்கு நாம் சொல்வது இதுதான்: இந்தப் புயல் ரோகிணிக்காரனை விட்டு மூலத்துக்காரியைப் பிடிக்கவில்லை. யாருடைய கல்யாணத்தையும் தடுக்கவில்லை. பரிகாரத்துக்கும் தட்சணைக்கும் அடங்கவுமில்லை. காந்த ஊசி எவ்வளவு ஆடிற்று என்பதை எவரும் அளந்து பார்க்கலாம். 1859-ல் வந்த பெரும்புயலை பம்பாய் கொலாபாவில் அளந்த கணக்கு இன்றும் இருக்கிறது. தோஷத்தை அளக்கும் கருவி எங்கே இருக்கிறது?

செவ்வாய் தோஷமென்று எத்தனை பெண்களின் வாழ்வு பாழாகிறது! சனிப் பெயர்ச்சியென்று எத்தனை குடியானவர்களின் பணம் போகிறது! கொடைக்கானல் மலையில் 1901 முதல் சூரியனை ஆராய்ந்து வருகிறார்கள். அங்கே உல்லாசமாகப் போகிறவர்கள் பிள்ளைகளுக்கு அந்த ஆராய்ச்சிசாலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார்களாக. ஜாதகத்தைச் சுருட்டி வைத்துவிட்டு ஆகாயத்தைக் கண்ணால் பார்க்கும் நாளே நமக்கு நல்ல நாள்.