இருதரப்பு மோதல்

பட்டமளிப்பு விழாக் காலம் இது. வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கி, தலையில் அட்டைத் தொப்பி, பக்கத்தில் கூச்சத்தோடு நிற்கிற அப்பா அம்மா. நம் பிள்ளைகளின் படங்கள் செல்போன் ஸ்டேட்டஸில் வந்து ஒரு நாள் இருந்துவிட்டு மறைந்துபோகின்றன. சேரி முனையில் ஃபிளக்ஸ் கட்டுகிறார்கள். கட்டட்டும். பள்ளிக்கூடத் திண்ணையில்கூட நம்மை ஏறவிடாத ஊர்களின் வாசலில் ஒரு பட்டதாரிப் பெண்ணின் முகம் ஆறடி உயரத்தில் நிற்கும்போது, ‘ஃபிளக்ஸ் கலாச்சாரம்’ என்று முகம் சுளிக்க எனக்கு வரவில்லை.

எங்கள் வாசகர் வட்டத்துக்கு நாலு வருசமாக வந்துகொண்டிருக்கும் ஒரு தோழி இந்த முறை இதழியலில் பட்டம் வாங்கியிருக்கிறார். விழுப்புரம் பக்கம் ஒரு கிராமம். குடும்பத்தில் முதல் பட்டதாரி. “இது என்னா படிப்பு தங்கம், டீச்சர் வேலையா நர்சு வேலையா?” என்று ஆயா கேட்டிருக்கிறார். “பேப்பர்ல எழுதுற வேலை ஆயா.” “பேப்பர் போடுற வேலைக்கா இத்தினி செலவு?” என்றாராம் ஆயா. தோழி சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் ஆயாவின் கேள்வியில் ஒரு கணக்கு இருக்கிறது. பேப்பர் போடுகிறவர்களில், பேப்பர் கட்டு தூக்குகிறவர்களில் நம் ஆட்கள் உண்டு. எழுதுகிற நாற்காலியில்?

1996இல் ஒரு வெளிநாட்டு நிருபர், பேசுவதற்கு ஒரு தலித் பத்திரிகையாளரைச் சொல்லுங்கள் என்று டெல்லியில் கேட்டார். பி.என். உனியால் என்ற மூத்த பத்திரிகையாளர் தேடிப் பார்த்தார். அரசு அங்கீகாரம் பெற்ற நிருபர்கள் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டார். 686 பெயர்கள். அதில் 454 பேர் பெயருக்குப் பின்னாலேயே சாதி ஒட்டியிருந்தது. மிச்சம் 232 பேரில் 47 பேரைக் கூப்பிட்டுக் கேட்டார். ஒருவரும் தலித் இல்லை. அதை அந்த ஆண்டு நவம்பரில் பயனீர் நாளேட்டில் அவரே எழுதினார். பத்து வருசம் கழித்து, 2006இல் டெல்லியில் ஓர் ஆய்வு. 37 ஊடகங்கள், முடிவெடுக்கும் இடத்தில் 315 பேர். தலித், பழங்குடி யாரும் இல்லை. 2019இல் ஆக்ஸ்ஃபாமும் நியூஸ்லாண்டரியும் சேர்ந்து ஆங்கில, இந்தி ஊடகங்களை எண்ணின. 121 தலைமைப் பதவிகளில் 106இல் மேல்சாதியினர். நம்மவர் எண்ணிக்கை அதேதான், பூஜ்யம். இருபத்து மூணு வருசத்தில் அச்சு போய் கம்ப்யூட்டர் வந்தது, கம்ப்யூட்டர் போய் செல்போன் வந்தது. அந்த பூஜ்யத்தை மட்டும் யாரும் தொடவில்லை.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுத் தீர்மானத்தின் பயன் அது, குறைத்துச் சொல்ல மாட்டேன். அதனால் இங்கே உனியால் செய்தது போலப் பட்டியலைப் பார்த்து எண்ண முடியாது. வாய்விட்டுக் கேட்டாக வேண்டும். கேட்கிறார்கள். தோழி போன நேர்காணல் ஒன்றில் முதல் கேள்வி, “சொந்த ஊர் எது?” இரண்டாவது, “ஊர்ல எந்தப் பக்கம்?” மூணாவது, “அப்பா என்ன பண்றாரு?” செய்தி எழுதத் தெரியுமா என்ற கேள்வி அதற்கப்புறம்தான் வந்திருக்கிறது. வேறு சில இடங்களில் சாப்பாட்டை வைத்துக் கேட்பார்கள். சென்னையில் ஒரு பெரிய ஆங்கில நாளேடு 2014 ஏப்ரலில், அலுவலக கேன்டீனுக்குள் அசைவம் கொண்டுவரக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியது. பெரும்பான்மை சைவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறதாம். கருவாடு தின்கிற இந்த நாட்டில் எங்கிருந்து வந்தது அந்தப் பெரும்பான்மை என்று கேட்டால், மேலே சொன்ன கணக்கில் விடை இருக்கிறது.

தாலுகா அளவில் கதை வேறு. அங்கே நிருபர் என்பவருக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது. வெளிவந்த செய்திக்கு ஏதோ கொஞ்சம், பிடித்துக் கொடுக்கும் விளம்பரத்துக்குக் கமிஷன். தீபாவளி மலருக்கும் தலைவர் பிறந்தநாளுக்கும் விளம்பரம் வாங்க அவர் யாரிடம் போவார்? ரைஸ்மில் முதலாளியிடம், கான்ட்ராக்டரிடம், ஊர்ப் பெரிய மனுசனிடம். சேரி கொளுத்தப்படும்போது அந்தப் பெரிய மனுசனின் மச்சான் முதல் குற்றவாளியாக இருந்தால் செய்தி எப்படி வரும்? ‘இருதரப்பினர் மோதல், போலீஸ் குவிப்பு’ என்று வரும். தனிப்பட்ட நிருபர் நல்லவரா கெட்டவரா என்பதெல்லாம் இதில் அவ்வளவு முக்கியமில்லை.

கவிதை எழுதுகிறவன் என்பதால் சொல் மேல் எனக்குக் கொஞ்சம் வெறி உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். விவசாயிகளுக்குள் நடந்த மோதல் என்றுதான் பத்திரிகைகள் முதலில் எழுதின. 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியும் பக்கத்துச் சேரிகளும் எரிந்தன. அதையொட்டி ‘நாடகக் காதல்’ என்ற சொல்லைச் சாதிக் கட்சிக்காரர்கள் உற்பத்தி செய்தார்கள். பத்திரிகைகள் மேற்கோள் குறிகூடப் போடாமல் அதை அச்சடித்தன. சொல் நம் பக்கம் திரும்பிய இடமும் உண்டு. ‘கௌரவக் கொலை’ என்றே எழுதிக்கொண்டிருந்தவர்களை ‘ஆணவக் கொலை’ என்று எழுத வைத்திருக்கிறோம். 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டசபையில் எழுந்து, அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல்லை நீக்குவதாக அறிவித்தார். எத்தனை கூட்டம், எத்தனை துண்டறிக்கை, எத்தனை பேரோடு சண்டை போட்டு வந்தது இது. ஒரு சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது என்பது தெரிந்த ஒருவர் செய்தி மேசையில் உட்கார வேண்டும். அதற்குத்தான் நம் பெண் இதழியல் படித்தார்.

படித்த மூணு வருசத்தில் பாடத்தைவிட வகுப்புதான் தனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது என்கிறார். ஐம்பது பேர் வகுப்பு. ஐம்பது பேருக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு. நோட்ஸ், தேர்வுத் தேதி, பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் அதில். இன்னொரு குழுவும் இருக்கிறது என்பது இரண்டாவது வருசம்தான் தெரிந்திருக்கிறது. டூர் எங்கே, சினிமா என்றைக்கு, எந்த வீட்டு விசேசத்துக்கு யாரைக் கூப்பிடுவது, எல்லாம் அங்கேதான் முடிவாகும். அதில் முப்பத்தெட்டு பேர். விட்டுப்போன பன்னிரண்டு பெயரைத் தோழி ஒரு தாளில் எழுதிப் பார்த்திருக்கிறார். ஊர், சேரி கணக்கு பிசகாமல் வந்திருக்கிறது. யாரும் யாரையும் திட்டவில்லை. ஒரே தட்டில் பரோட்டா சாப்பிட்டிருக்கிறார்கள், தோள்மேல் கைபோட்டு செல்ஃபி எடுத்திருக்கிறார்கள். “இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறா?” என்று கருத்தரங்கில் பேசிப் பரிசு வாங்கிய பையன்தான் அந்த இரண்டாவது குழுவுக்கு அட்மின்.

ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தார். அதுவரை தினம் பார்த்துக்கொண்டிருந்த இருபது பேர் அன்றோடு பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்கள். மியூட் பண்ணிட்டாங்க தோழர் என்கிறார். உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பிய சுவர் கண்ணுக்குத் தெரிந்தது. போராடி 2008 மே மாதம் அதில் ஒரு பகுதியை இடிக்க வைக்க முடிந்தது. மியூட்டுக்குச் செங்கல் கிடையாது, யாரிடம் காட்டிப் புகார் கொடுப்பது? அதே பையன்கள் வாளும் சிங்கமும் வைத்து, ஆண்ட பரம்பரைப் பாட்டுக்கு மீசை முறுக்கி ரீல்ஸ் போடுகிறார்கள். அது பொழுதுபோக்கு. அம்பேத்கர் படம் மட்டும் அரசியல். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளியில் சாதிக் கயிறு கட்டத் தடை வேண்டும் என்றது. கையில் கட்டிய கயிற்றை வாத்தியார் அறுக்கலாம். செல்போனுக்குள் கட்டியிருக்கிற கயிற்றை என்ன செய்வது?

பார்க்கிற பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தருகே சங்கரை வெட்டியதை கேமரா பதிவு செய்தது. தமிழ்நாடு மொத்தமும் அதைப் பார்த்தது. டீ குடித்துக்கொண்டே பார்த்தது, பஸ்ஸில் போய்க்கொண்டே பார்த்தது. அந்த வீடியோ சாட்சியமாகப் பயன்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் அப்போதிருந்து ஒரு பழக்கம் படிந்துவிட்டது. சேரியில் அடி விழுந்தால் முதலில் வீடியோ கேட்கிறார்கள். வீடியோ இருந்தால் செய்தி, இல்லாவிட்டால் வதந்தி. ராத்திரி கரண்டைப் பிடுங்கிவிட்டு வந்து அடிக்கிறவனை எந்த போனில் எடுப்பது?

தோழிக்கு வேலை கிடைத்துவிட்டது. ஒரு செய்தி சேனலின் யூடியூப் பிரிவில் தலைப்பு எழுதுகிற வேலை. மாதம் பன்னிரண்டாயிரம். சேர்ந்த மூணாவது வாரம், கோயில் திருவிழாவில் நம் பையன்களை அடித்த செய்தி வந்திருக்கிறது. ‘தலித் இளைஞர்கள் மீது தாக்குதல்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பொறுப்பாசிரியர் ‘இருதரப்பினரிடையே மோதல்’ என்று மாற்றிவிட்டார். கேட்டதற்கு, “நடுநிலைம்மா. காலேஜ்ல சொல்லித் தரலையா?” என்றிருக்கிறார். ஆஸ்பத்திரியில் தையல் போட்டுப் படுத்திருப்பவன் ஒரு தரப்பு, போட்டவன் ஒரு தரப்பு. நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் ஆசிரியர்.

“நின்னுடவா தோழர்?” என்று கேட்டார்.

நான் பேங்க் கவுன்டரில் உட்கார்கிற கிளார்க். கல்விக் கடன் கொடுப்பதும் மறுப்பதும் மேனேஜர் வேலை. கட்ட வருகிற முகங்களைப் பார்ப்பது என் வேலை. படிப்பு முடிந்து ஒரு வருசத்தில் தவணை தொடங்கிவிடும். ஏரி வேலைக்குப் போன அம்மாக்கள் கசங்கிய தாள்களை நீவி நீவி எண்ணிக் கொடுப்பதை வாங்கி சீல் குத்துகிறேன். அதனால் வீரமாக ராஜினாமா பண்ணுங்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. கடன் மட்டுமே காரணமும் இல்லை. அவர் எழுந்து வந்தால் அந்த நாற்காலியில் இரண்டாவது குழுவின் அட்மின் வந்து உட்காருவார். அந்த மேசையில் அப்புறம் ‘தாக்குதல்’ என்று எழுதிப் பார்க்கக்கூட ஆள் இருக்காது.

சில தோழர்கள் கோபிப்பார்கள். வெகுசன ஊடகம் பார்ப்பனிய ஊடகம், நமக்கு நம் பத்திரிகை என்பார்கள். சரிதான். 1893இல் ரெட்டமலை சீனிவாசன் ‘பறையன்’ நடத்தினார். 1907இல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். 1920 ஜனவரியில் பாபாசாகேப் ‘மூக்நாயக்’ தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதற்கு விளம்பரம் போட மறுத்தது திலகரின் ‘கேசரி’. அந்த வழியில்தான் இந்த எழுபத்து ரெண்டு பக்கமும் வருகிறது. ஆனால் நம் பத்திரிகைகள் மாதச் சம்பளம் கொடுக்கும் நிலையில் இல்லை. ஒரு பெண்ணின் தியாகத்தில் பத்திரிகை நடத்திவிட்டு அதற்கு இயக்கம் என்று பெயர் வைப்பது எனக்கு உவப்பில்லை.

வேலையில் இருங்கள் என்றேன். கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். இடது பக்கம் நீங்கள் எழுதிக் கொடுத்த தலைப்பு, வலது பக்கம் வெளிவந்த தலைப்பு. தேதி போடுங்கள், மாற்றியவர் சொன்ன காரணத்தையும் எழுதுங்கள். கோபத்தை அதில் எழுத வேண்டாம், இந்த நாலு மட்டும் போதும். ஒத்துக்கொண்டார். இதுவரை பதினோரு தலைப்பு ஏறியிருக்கிறது.

அடுத்த இதழிலிருந்து அந்த நோட்டு இங்கே ஒரு பக்கமாக வரும். எழுதுகிறவர் பெயரும் சேனல் பெயரும் இருக்காது. பத்திரிகைகளிலும் டிவிகளிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் வேறு யாரிடமாவது இப்படிக் குறிப்பு இருந்தால் அனுப்புங்கள், போட்டோகாப்பி போதும். பக்கத்துக்கு முந்நூறு ரூபாய் தருவதாக ஆசிரியர் குழுவில் முடிவாகியிருக்கிறது. சந்தா பாக்கி உள்ளவர்கள் தயவுசெய்து இந்த மாதமே அனுப்பிவிடுங்கள்.