புதைக்கப்பட்ட தாலந்து

மலையகத்தில் கல்வியைப் புகழாத மேடை இல்லை. தேர்தற் கூட்டத்திலும், பாடசாலைப் பரிசளிப்பு விழாவிலும், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்திலும் ஒரே அறிவுரைதான் ஒலிக்கின்றது: படித்தால் தோட்டத்தை விட்டு வெளியேறலாம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் கல்வியை ஏணியாக மாத்திரம் காட்டுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். ஏணியை எவரும் நேசிப்பதில்லை. ஏறியபின் அதைத் திரும்பிப் பார்ப்பதுமில்லை. கற்றலின்மீது நேசத்தை வளர்க்கும் பொறுப்பிலிருந்து மலையகக் கிறிஸ்தவ சபைகள் வழுவிவிட்டன என்பதே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு. வெளியே நின்று கல்லெறிபவனாக அன்றி, மஸ்கெலியாத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து, அங்குள்ள ஆலயமொன்றில் ஞானஸ்நானம் பெற்றவனாகவே இதனை எழுதுகின்றேன்.

“எங்கள் மிஷனரிமாரே இம்மக்களுக்கு எழுத்தறிவித்தனர்” என்று நம்மவர் பெருமை பேசுவதுண்டு. அப்பெருமைக்கு ஆதாரமும் உண்டு. தோட்டத் தொழிலாளரிடையே மிஷன் பணி 1854ஆம் ஆண்டில் ஒழுங்குபெற்றது. தொழிலாளர் பிள்ளைகளின் கல்வியைத் தோட்டத் துரைமாரின் கடமையாக்கிய கிராமப் பாடசாலைச் சட்டம் 1907இலேதான் பிறந்தது. அதுவும் 6 முதல் 10 வயது வரையிலான பிள்ளைகளின் தாய்மொழிக் கல்வியோடு நின்றுவிட்டது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1977இல். ஆகவே, எவரும் ஏறெடுத்துப் பாராத காலத்தில் உபதேசியார்கள் ஆற்றிய பணியை மறுப்பது நன்றிகொன்ற செயலாகும்.

ஆயின் அப்பணி தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர் யாது? ‘தமிழ்க் கூலி மிஷன்’. கற்க வந்தவனைக் கூலி என்றே ஏட்டிற் பதிந்துகொண்ட கல்வி, அவனுக்கு எவ்வளவு போதும் என்பதையும் முன்கூட்டியே அளந்துவைத்திருந்தது. வேதம் வாசிக்கும் அளவுக்கு எழுத்து, கணக்குப் பார்க்கும் அளவுக்கு எண். அதற்கப்பால் செல்ல வழி கிடைத்தோர் மிகச் சிலரே. மிஷனின் பெயர் பின்னர் மாறியது. அளவு மாறியதா என்பதே கேள்வி.

இவ்வாறு அளந்து கொடுப்பதற்குப் பின்னால் ஓர் அச்சம் உண்டு. அதற்கு யாழ்ப்பாணம் சான்று பகரும். அமெரிக்க மிஷன் 1823இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினறி, கணிதம், வானியல், தமிழ், ஆங்கிலம் ஆகியவற்றை ஒருங்கே கற்பித்தது. 1855இல் அது மூடப்பட்டது. சுவிசேஷப் பணியாளரைவிட உத்தியோகம் நாடுவோரையே அது உருவாக்குகின்றது என்பது மிஷன் மேலிடத்தின் முறைப்பாடுகளுள் முக்கியமானது. ஆனால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அச்செமினறியின் மாணவரே. கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்த கரங்கள் அங்கே எழுதப் பழகியவை. பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலரோ, 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தோற்றுவித்தார். “பார்த்தீர்களா, அதிகம் படிக்கவைத்தால் இதுதான் முடிவு” என்று தலையசைப்போர் இன்றும் நம்மிடையே உளர். அவர்களுக்கு என் விடை இது: நன்கு வாசிக்கக் கற்றவன் தன் முடிவைத் தானே எடுப்பான். அதற்கு அஞ்சும் விசுவாசம் தன் வேதத்தின்மீதே நம்பிக்கையற்றது.

இவ்வச்சத்தை நான் நேரிற் கண்டுள்ளேன். என் சிறுபராயத்தில் ஆலயத்தின் பின்னறையில் ஓர் அலுமாரி இருந்தது. கண்ணாடிக் கதவினூடாகப் புத்தகங்கள் தெரியும். ஞாயிறு பாடசாலை முடிந்ததும் சிறுவர் சிலர் அத்தலைப்புகளை எழுத்துக்கூட்டி வாசிப்போம். திறந்து தரும்படி கேட்டபோது, “பழுதாக்கிப்போடுவீர்கள்” என்ற விடையே கிடைத்தது. மற்றொரு நாள், நான்காம் நாளில்தான் சூரியன் படைக்கப்பட்டதாயின் முதல் மூன்று நாள்களை எவ்வாறு எண்ணினர் என்று வினவினேன். முழங்காலில் நிற்கவைக்கப்பட்டேன். பல ஆண்டுகளின் பின் பல்கலைக்கழக நூலகத்தில், இதே வினாவைப் புனித அகுஸ்தீனார் ஆதியாகமம் பற்றிய தம் உரையிற் பொறுமையோடு ஆராய்ந்திருப்பதை அறிந்தேன். சபையின் தந்தை ஒருவர் தம் முதிர்ந்த வயதிற் கேட்ட கேள்வியைச் சபையின் பிள்ளை கேட்டது எவ்வாறு குற்றமாயிற்று?

அகுஸ்தீனார் தம் ‘பாவ அறிக்கை’யில் இன்னுமொன்று சொல்கின்றார். அடிக்கும் அச்சுறுத்தலுக்கும் இடையே கற்ற கிரேக்கத்தை அவர் வெறுத்தார். செவிலியரின் கொஞ்சுமொழியிற் கேட்டுக் கற்ற இலத்தீனை நேசித்தார். கண்டிப்பை அவர் முற்றாகத் தள்ளவில்லை. எனினும் அச்சத்தினும் ஆர்வமே சிறந்த ஆசான் எனக் கண்டார். வேதாகமமும் இதற்கு மாறானதன்று. உபாகமத்தின் கட்டளை இருதயத்தாலும் ஆத்துமாவாலும் பலத்தாலும் கடவுளை நேசிக்கச் சொல்கின்றது. சுவிசேஷங்களில் அதே கட்டளையுடன் மனமும் சேர்க்கப்படுகின்றது. பன்னிரண்டு வயது இயேசுவைப் பெற்றோர் தேடிக் கண்டது ஆலயத்தில், போதகர் நடுவே. அவர் செவிமடுத்துக்கொண்டும் வினாக்கள் கேட்டுக்கொண்டும் இருந்தார். அப்போதகர் எவரும் அவரை முழங்காலில் நிறுத்தியதாகச் செய்தி இல்லை.

“வயிற்றுக்கில்லாதவனுக்குக் கற்றலின் இன்பம் எதற்கு? பரீட்சையிற் சித்தியடைந்தாற் போதும்” என்பர் சிலர். தரம் 5 புலமைப்பரிசிலிலிருந்து உயர்தரம் வரை பரீட்சைகளே நம் பிள்ளைகளின் வாசல் என்பதை நான் மறுக்கவில்லை. அவ்வாசலால் வந்தவனே நான். ஆனால் உயர்தரப் பெறுபேறு வந்த வாரத்தில் என் குறிப்புப் புத்தகங்களை அடுப்புக்கு இரையாக்கினேன் என்பதையும் இங்கு ஒப்புக்கொள்கின்றேன். சித்தி எனக்குக் கிடைத்தது; நேசம் கிடைத்திருக்கவில்லை. அது என் வீட்டிலேயே இருந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தேன். கொழுந்து நிறுத்துக் களைத்துவந்த என் தாயார், அடுப்படியில் இருந்தபடி என் வரலாற்றுப் பாடத்தை உரக்க வாசிக்கச் சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாத அவர், நான் நிறுத்தியதும், “அப்பறம் என்னாச்சு?” என்பார். எந்தப் பரீட்சையும் எழுதாத ஒருவருக்கு அவ்வினா ஏன் பிறந்தது? கற்றலின் பசி வயிறு நிறைந்தோரின் சொத்தன்று என்பதற்கு இதைவிடச் சான்று எனக்கு வேண்டியதில்லை.

ஆகவே சபைகளிடம் நாம் வேண்டுவது புதிய கட்டடங்களை அன்று. பத்துக்குப் பன்னிரண்டடி லயத்து அறையிற் பிள்ளை படிக்க மூலை தேடும் வேளையில், வாரத்தின் ஆறு நாளும் ஆலயக் கதவுகள் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றை மாலைதோறும் திறவுங்கள். ஒரு விளக்கு, ஒரு மேசை, பூட்டில்லாத ஓர் அலுமாரி போதும். சைவப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் எந்த நிபந்தனையுமின்றி உள்ளே வரட்டும். பிரசங்கத்தின் பின் கேள்விக்கு நேரம் ஒதுக்குங்கள். விடுமுறைக்கு ஊர் திரும்பும் பல்கலைக்கழக மாணவராகிய நாமும் மாதிரி வினாத்தாளுக்கு விடை சொல்லிக் கொடுப்பதோடு நில்லாமல், பிள்ளைகளோடு அமர்ந்து ஒரு நூலை முழுதாக வாசிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

தாலந்தை நிலத்திற் புதைத்த ஊழியனின் உவமையைச் சபைகளில் அடிக்கடி கேட்கின்றோம். அவன் அதைக் களவாடவில்லை, வீணாகச் செலவழிக்கவுமில்லை, பத்திரமாகவே திருப்பிக் கொடுத்தான். ஏன் புதைத்தாய் என்பதற்கு அவன் கூறிய காரணம் அச்சம். எசமான் அக்காரணத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. அலுமாரியின் திறப்பை வைத்திருப்போர் இதனைச் சிந்திப்பார்களாக.