தருவையும் உர மூட்டையும்

தருவை நிறைந்தால் நம் பக்கத்துக் கிணறு இனிக்கும். வறண்டால் கடல்நீர் ஏறி உவர்க்கும். சாத்தான்குளம் வட்டத்துப் புத்தன்தருவையும் வைரவன்தருவையும் உடன்குடி விவசாயிக்கு அரண் போன்றவை. அவ்வரணை வறட்சி மட்டுமா கெடுக்கிறது? மணற்பாங்கான நிலத்தில் பயிர் கொள்ளாத யூரியா மழைநீரில் கரைந்து கிணற்றையும் குளத்தையும் அடைகிறது. பாசி பெருகி நீர் கெடுகிறது. நீலகிரிச் சதுப்புகளில் 20,000 ஆண்டுகளுக்கு மேலாக மக்காது சேர்ந்துள்ள தழைமண்ணுக்கும் இவ்விரண்டுமே பகை: நீர் வற்றினால் காற்றுப்பட்டு அது மக்குகிறது, தோட்ட உரம் இறங்கினால் அச்சிதைவு விரைகிறது.

உர விற்பனை பெருகுவதையே சங்கத்தின் வெற்றியாக நாம் கணக்கிட்டு வந்தது பிழை. இனி மண் பரிசோதனைச் சீட்டைக் கண்டு அளவோடு வழங்குவோம். நீர்வளத் துறையின் இசைவுடன் கோடையில் வரத்துக்கால் தூர்வாருவோம். சாயம் தோய்க்கும் நெசவாளருக்கும் நன்னீரே முதல். அங்கத்தினர்களே, அடுத்த பேரவையில் இதனைத் தீர்மானமாக்குங்கள்.