யூரியாவும் வேரடிச் சமுதாயமும்

ஆயக்குடிப் பக்கத்துக் கொய்யாத் தோட்டங்களில் இலை மஞ்சளித்து நுனிக்கிளை காய்ந்து நிற்கும் மரத்தைக் கண்டதும், அதற்குப் பசியென்றே நிச்சயித்து, தூரைச் சுற்றி யூரியாவை இறைத்து நீர் பாய்ச்சிவிடுகிறவர்கள் பலர். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கும்போது, இதைவிடச் சுலபமான வைத்தியம் வேறெது? ஆனால் அதே மரத்தின் சல்லிவேரைக் கிளறியெடுத்துக் கழுவிப் பார்த்தால், கோத்த மணிபோல் முடிச்சு முடிச்சாக வீங்கியிருக்கும் அந்த வேரே வியாதி இன்னதென்று பிரத்தியட்சமாகக் காட்டிவிடும். மெலாய்டோகைன் என்டரோலோபி என்னும் வேர்முடிச்சு நூற்புழு இந்தியாவில் முதன்முதலாக 2016-இல் பதிவானது இவ்வட்டாரக் கொய்யாவில்தான்.

நூற்புழுக்களெல்லாம் சத்துருக்கள் என்று எண்ணுவது பிழை. பாக்டீரியாவைத் தின்று, தன் சரீரத்துக்கு மிஞ்சிய தழைச்சத்தை அம்மோனியமாகக் கழித்து வேருக்கு வழங்குவதும், பூஞ்சண இழையை உறிஞ்சுவதும், சக நூற்புழுவையே விழுங்குவதுமான பல ஜாதிகள், கண்ணுக்குப் புலனாகாத பிரமாணத்தில், ஒரு பிடி மண்ணிலேயே குடியிருக்கின்றன. ஹாலந்து தேசத்து நூற்புழுவியல் ஆய்வாளர் டாம் பாங்கர்ஸ் 1990-இல் இவற்றை ஸ்வபாவப்படி ஐந்து படிகளில் நிறுத்தினார்: இரை பெருகியதும் சில நாட்களிலேயே பல்கிப் பெருகுபவை முதற்படியில், நெடுநாள் வாழ்ந்து, சில முட்டைகளே இட்டு, சிறு கலக்கத்தையும் தாங்கமாட்டாதவை ஐந்தாம் படியில்.

யூரியா மிதமிஞ்சி விழும்போது நேர்வது இந்த ஏணியின் மேற்படிகள் காலியாவதே. யூரியா சிதைந்து எழும் அம்மோனியா நூற்புழுக்களுக்கு நஞ்சு. அது பின்னர் நைட்ரேட்டாக மாறுகையில் மண்ணில் அமிலம் ஏறுகிறது. இவ்விரண்டையும் சகிக்காமல் வேட்டையாடும் பெரிய ஜாதிகள் க்ஷீணிக்க, பாக்டீரியா உண்ணும் முதற்படியினர் விருத்தியாகிறார்கள். ஆகவே மொத்த எண்ணிக்கை குறையாமலே, சில சமயம் கூடியும்கூட, குலவகை சுருங்கிவிடும். வேர்முடிச்சுப் புழுவின் பெண்ணோ வேருக்குள்ளேயே அடைக்கலம் புகுந்து, முட்டைகளைப் பசைபோன்ற உறையில் பொதிந்து வைப்பதால், மண்ணில் நேரும் உற்பாதத்துக்குப் பெரிதும் தப்பிவிடுகிறது. அதை அடக்கக்கூடிய வேட்டைக்காரர்களே முதலில் மடிகிறார்கள்.

யூரியாவை அசுரனாக்கிப் பேசும் கோஷ்டியில் சேர எனக்கு விருப்பமில்லை. தழைச்சத்தின்றிக் காய்ப்பு இல்லை. இந்தப் புழுவைத் தோட்டத்துக்குக் கொணர்ந்ததும் யூரியா அன்று, நோய் தொற்றிய பதியனும் நாற்றங்கால் மண்ணுமே. ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் பிரித்து இட்டு, தொழுவுரமும் வேப்பம் பிண்ணாக்கும் கூடச் சேர்த்தால் தீங்கு பெரிதும் தணியும். யூரியாவின் மேல் பூசிவரும் வேப்பெண்ணெயை மாத்திரம் நம்புவது வீண். தழைச்சத்து விரைந்து விரயமாகாமல் தடுக்கவே அந்தப் பூச்சு.

என் குறை வேறொன்று. 2015 முதல் சர்க்கார் வழங்கிவரும் மண்வள அட்டை, கார அமில நிலை, கரிமம், தழை மணி சாம்பல் சத்துக்கள், துத்தநாகம் என 12 குணங்களைக் கணக்கிட்டுச் சொல்கிறது. அவற்றில் ஓர் உயிரினமும் இல்லை. பழத்தோட்டங்களுக்கேனும் நூற்புழுப் பரிசோதனையை அதில் சேர்ப்பது அவசியம். அதுவரை, மஞ்சளித்த கொய்யாவுக்கு அடுத்த மூட்டையைப் பிரிக்குமுன் ஒருபக்க வேரைத் தோண்டிப் பாருங்கள். முடிச்சிருந்தால் அவ்வேரையும் அதைச் சுற்றிய ஈரமண்ணையும் பையிலிட்டு, கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நூற்புழுவியல் துறையிடம் காட்டுங்கள்.